தரை தட்டத் தெரிந்த கப்பல்

அப்பாவின் கண்களின் மேல் உருளைக்கிழங்குப் பத்தை வைப்பது சிறுவயதில் என் வேலை. போர்ட் பிளேரில் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் டாக்யார்டில் அவர் வெல்டர். முகக் கண்ணாடியை இழுத்து விடுவதற்குள் இரண்டு மூன்று முறை வெளிச்சம் கண்ணில் தட்டிவிட்டால் போதும். வீட்டுக்கு வரும்போது ஒன்றும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்த ஆரம்பிக்கும். அம்மா கிழங்கை மெல்லிசாக நறுக்கித் தருவாள். நான் விளக்கை அணைத்துவிட்டு, பாயில் மல்லாந்து கிடக்கிறவரின் இமைகள் மேல் ஒவ்வொன்றாக வைப்பேன். பத்தை சூடேறியதும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். பகலில் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூக்கம் வராமல் கிடக்கிற அந்த நேரத்தில்தான் அவர் வாயிலிருந்து கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எங்கள் வீடு ஹாடோ மேட்டில் இருந்தது. தகரக் கூரை, மரப்பலகைச் சுவர், முன்னால் இரண்டு பாக்கு மரம். மழை இல்லாத நாளில் வாசலில் நின்றால் துறைமுகத் தண்ணீரும், அதில் போகிற வருகிற கப்பல்களும் தெரியும். மெயின்லேண்டிலிருந்து வருகிற வெள்ளை நிறப் பயணிகள் கப்பல்தான் ஊருக்குப் பெரிய கப்பல். அது வருகிற நாளில் கடைகளில் புது வெங்காயம் வரும், தாத்தாவின் கடிதம் வரும். சாம்பல் நிறக் கப்பல்கள் வேறு ஜாதி. அவை எப்போது போகும், எங்கே போகும், என்று திரும்பும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சாம்பல் கூட்டத்தில் மூன்று கப்பல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. சீட்டா, குல்தார், கும்பீர். நீளம் 84 மீட்டர். ஆள் இருக்கிற மாடிக் கட்டடமெல்லாம் பின்பக்கமாக ஒதுங்கியிருக்கும். முன்பக்கம் நீளமாக, மொட்டையாக, ஏதோ கட்டி முடிக்காமல் விட்டதுபோல் இருக்கும். பக்கவாட்டில் எழுதியிருக்கிற எண்ணை வைத்துத்தான் எது எது என்று சொல்ல முடியும்: 18 என்றால் சீட்டா, 21 குல்தார், 22 கும்பீர். எனக்குப் படிக்கத் தெரிந்த முதல் எண்கள் அவைதாம் என்று அம்மா சொல்வாள்.

குல்தார் என்றால் சிறுத்தை. குல் என்றால் பூ, உடம்பெல்லாம் பூப்போட்டது என்று அர்த்தம் என அப்பாவுக்கு ஒரு மாலுமி சொல்லியிருந்தார். கும்பீர் முதலை. முதலை சரி, சிவிங்கிப்புலிக்கும் சிறுத்தைக்கும் கடலில் என்ன வேலை என்று கேட்டேன்.

“கரைக்கு வந்தா பாயணும்ல தாயி” என்றார் அப்பா.

கரைக்கு வருவது என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. எல்லாக் கப்பலும் கரைக்குத்தானே வருகிறது? அடுத்த நாள் காலை, கண் இன்னும் சிவந்திருக்க, வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர் எனக்கு அதைக் காட்டினார். துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டியில் பாதித் தண்ணீர். ஒரு மூலையில் மணலைக் கொட்டிச் சரிவாகத் தட்டிவிட்டார். அதுதான் கரை. சோப்பு டப்பாவின் அடிப்பாகம்தான் கப்பல். அதன் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு பழைய நட்டைக் கட்டினார்.

“மத்த கப்பலுக்கெல்லாம் அடி கூராயிருக்கும். தரையில பட்டா சாய்ஞ்சிரும். நம்ம ஊரு வத்தைக்கு அடி தட்டையா இருக்கும்ல, அது மாதிரி இதுக்கும். பாரு, இப்போ கரைக்கு வருது. கரை இன்னும் கொஞ்ச தூரம்னு இருக்கையிலேயே பின்னால நங்கூரத்தப் போட்டுரணும்.” நட்டைத் தொட்டியின் நடுவில் போட்டார். டப்பாவை மெல்லத் தள்ளினார். நூல் நீண்டுகொண்டே போனது. “முன்பக்கத் தொட்டியில இருக்கிற தண்ணிய வெளிய தள்ளி மூக்கத் தூக்கிக்கும். அப்புறம் நேரா மணல்ல ஏறி நிக்கும்.” டப்பாவின் மூக்கு மணலைக் கீறிக்கொண்டு போய் நின்றது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சின்னச் சத்தம்தான், சீப்பால் துணியைக் கோதுவது போல.

“இப்போ முன்னால கதவு திறக்கும். உள்ள இருந்து பலகை இறங்கும். வண்டி, ஆளு, எல்லாம் அது வழியா இறங்கிப் போயிரும். ஜெட்டி வேணாம், கிரேன் வேணாம்.”

“அப்புறம் எப்படித் திரும்பும்?”

அப்பா பதில் சொல்லாமல் நூலை என் கையில் கொடுத்தார். நட்டின் பக்கமாக இழுத்தேன். டப்பா மணலை விட்டுப் பின்வாங்கித் தண்ணீரில் மிதந்தது.

அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். ராமநாதபுரம் பக்கக் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு, தரை தட்டுவது என்றால் எவ்வளவு பெரிய கெட்ட வார்த்தை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வல்லம் தரை தட்டினால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவர், தரை தட்டுவதற்கென்றே கட்டிய ஒரு கப்பலை வாழ்நாளில் பாதி நேரம் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

கடல் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கரையில் ஏற வேண்டுமாம். ஏற்றம் முழுசாக முடிந்த பிறகு போய் ஏறினால், தண்ணீர் வற்றும்போது கப்பல் மணலில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரைக்கும் நகராது. கரையின் சரிவு அதிகமாக இருந்தால் மூக்கு மட்டும் முட்டி, பின்பக்கம் ஆடும். சரிவே இல்லாவிட்டால் கரையிலிருந்து வெகுதூரத்திலேயே தட்டிவிடும். இறங்குகிறவன் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்க வேண்டும். இடையில் பவளப்பாறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அடித்தகடு கிழியும். அந்தமானில் மணலுக்குப் பக்கத்திலேயே பாறை இருக்கும். அப்பாவுக்கு வேலை குறைவே இல்லாததற்கு அதுதான் காரணம். மிதக்கும் டாக்கில் கப்பலை ஏற்றித் தண்ணீரை வடித்ததும், அடியில் நுழைந்து அண்ணாந்து பார்ப்பார்களாம். மணலில் தேய்ந்த இடமெல்லாம் சாயம் போய், தேங்காய் நார் போட்டுத் தேய்த்த வெண்கலப் பானை மாதிரி பளபளவென்று இருக்குமாம். தேயாத இடங்களில் சிப்பி கூடு கட்டியிருக்கும். எத்தனை முறை கரை ஏறியது என்பதை அடித்தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்.

மூன்றும் போலந்து நாட்டில், கிடினியா என்கிற துறைமுகத்தில் கட்டப்பட்டவை. 1984-இல் சீட்டா, 1985-இல் குல்தார், 1986-இல் கும்பீர் நம் கடற்படையில் சேர்ந்தன. என் பள்ளி அட்லஸில் பால்டிக் கடல் ஒரு சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அங்கே பனிக்காலத்தில் கடல் ஓரங்கள் உறைந்துபோகும் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு அந்தக் கப்பல்கள் மேல் தாங்க முடியாத பரிவு வந்துவிட்டது. ஐஸ் கட்டியில் பிறந்த பிள்ளையை வெந்நீரில் இறக்கிவிட்ட மாதிரி. அப்பா சிரிக்கவில்லை. உண்மைதான், சூட்டுக் கடலில் துரு சீக்கிரம் பிடிக்கும், சிப்பியும் சீக்கிரம் வளரும் என்றார்.

முகம் தெரியாத அந்தப் போலந்து வெல்டர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பழைய தையலைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று முழுக்க அதே பேச்சு. வெல்டிங் இழையைத் தையல் என்றுதான் சொல்வார். “மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு தாயி. ஒரு இடத்துல கை நடுங்கல. குளிர்ல நின்னு எப்படித்தான் அடிச்சானோ.” தன் தையலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார் போலிருக்கிறது. கப்பலின் எந்தெந்த இடத்தில் பழைய கை, எந்தெந்த இடத்தில் தன் கை என்பது அவருக்கு மனப்பாடம்.

அதனால்தான், 2003 டிசம்பரில் கடற்படை தினத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் அவர் எனக்கு ஓர் அடையாளம் சொன்னார். அன்று கட்டியிருந்தது குல்தார். உள்ளே, முன்கதவுக்குப் போகிற வழியில், இடதுகைப் பக்கச் சுவரில், தரையிலிருந்து மூன்றாவது விலாவுக்குக் கீழே. அங்கே ஒரு கை அகலத் தகடு அவர் மாற்றியது.

டீசல், புதுச் சாயம், வெயில் பட்ட இரும்பு: இந்த மூன்று வாசனையும் கலந்த ஒரு காற்று உள்ளே அசையாமல் நின்றது. தரையில் வரிசையாகப் பதித்த இரும்பு வளையங்கள். டாங்கியையும் லாரியையும் சங்கிலியால் கட்டி வைக்க. மாலுமி அண்ணன் ஒருவர் இந்தியில் விளக்கிக்கொண்டே போனார். ராக்கெட் ஏவுகிற குழாய்களைப் பையன்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விலாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து விரலை ஓட்டினேன். சாம்பல் சாயத்துக்கு அடியில் செதில் செதிலாக ஒரு மேடு தட்டுப்பட்டது. ஒரு மூலையில் திரும்புகிற இடத்தில் செதில்கள் நெருங்கி, பிறகு மறுபடி விரிந்தன. அங்கே அப்பா கை மாற்றிப் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது. தலைக்கு மேலே மூடியிருந்த பெரிய முன்கதவுகளின் இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த இடுக்கு வழியாகக் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கப்பல்களிடம் வேறொரு கணக்கு இருந்தது.

அவள் இலங்கையில், மலையகத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் அம்மாவின் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு பெட்டிச்சாமான், ஒரு பாஸ்போர்ட். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அப்புறம், ரப்பர் பால் வெட்டத் தெரிந்தவர்கள் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலுக்கு வேண்டும் என்று ஆள் எடுத்தபோது தாத்தா கை தூக்கிவிட்டார். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. ஒரு தீவிலிருந்து கிளம்பி இன்னொரு தீவுக்கே வந்து சேர்ந்தோம் என்பாள். பெரியமாமா கச்சாலிலேயே தங்கிவிட்டார். அம்மா மட்டும் கல்யாணமாகி போர்ட் பிளேருக்கு வந்தாள்.

ஓர் இரவு, உருளைக்கிழங்குப் பத்தைகளுக்கு அடியிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சீட்டா கொஞ்ச காலம் கொச்சியிலும், மற்ற இரண்டும் சென்னையிலும் இருந்தன. இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போன காலத்தில் இவையும் போய் வந்தன. 1990-இல் பாக் நீரிணைக் காவலுக்கும் போயின. அதற்கெல்லாம் பின்னால்தான் அந்தமானுக்கு வந்தன. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

“அங்க என்ன கொண்டு போனது? சாப்பாடா, துப்பாக்கியா?”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “ரெண்டும் ஒரே கதவு வழியாத்தான் இறங்கும்” என்றார்.

அம்மா விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பத்தையை மாற்றினேன். அவள் ஏன் கோபப்பட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவளுடைய சொந்தங்களில் சிலர் இன்னும் அங்கே இருந்தார்கள். அந்த வருடங்களில் யார் வந்து இறங்கினாலும் தமிழ் ஊர்களில் யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழுந்தது. குல்தாரின் உட்சுவரில் அப்பாவின் தையலை விரலால் தடவியபோது எனக்கு வந்த பெருமையை நான் இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் கேள்வியையும் அதோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கட்டிலோடு என்னை யாரோ உலுக்கினார்கள். அம்மா என்று நினைத்தேன். பலகைச் சுவர் முழுக்கக் கிரீச்சிட்டது. வெளியே ஓடி வந்தோம். பாக்கு மரங்கள் இரண்டும் காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. தரை எத்தனை நேரம் ஆடியது என்று கேட்டால், முடியவே இல்லை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அப்புறம் துறைமுகத் தண்ணீர் வெறி பிடித்தது போல் ஏறி இறங்கியது. மேட்டில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரே அன்றைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது என்று பின்னால் அளந்து சொன்னார்கள். சிப்பிகாட் வயல்களுக்குள் புகுந்த கடல் திரும்பிப் போகவே இல்லை.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டாக்யார்டுக்கு ஓடினார். அதன் பிறகு ஐந்து நாள் அவரை நாங்கள் பார்க்கவில்லை.

நிக்கோபாரிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. முதலில் கார் நிக்கோபார் விமானதளம் அழிந்தது என்றார்கள். அப்புறம் கச்சால் என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான், 2000-ஆம் ஆண்டின் முதல் சூரியன் உதிக்கிற இடம் என்று அந்தத் தீவின் பெயர் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்திருந்தது. இப்போது அதே பெயரைச் சொல்லி, அங்கே பாதிப் பேர் இல்லை என்றார்கள். ஒருவர் இரண்டாயிரம் என்றார், இன்னொருவர் ஐயாயிரம் என்றார். அம்மா அழவில்லை. ஒவ்வொரு நாளும் சோறு வடித்தாள், மாமா குடும்பத்துக்கும் சேர்த்து. மிச்சத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியலை விரல் வைத்துப் படித்துவிட்டு வருவாள்.

வாசலில் நின்றால் சாம்பல் கப்பல்கள் தெரிந்தன. அந்த நாட்களில் அவை துறைமுகத்தில் நின்ற நேரம் குறைவு. அரிசி மூட்டை, குடிதண்ணீர், தார்ப்பாய், மண்ணெண்ணெய் எல்லாம் ஏறும். போகும், வரும். அந்தமான் கடற்பகுதி நிவாரணத்துக்குக் கடற்படை வைத்த பெயர் ஆபரேஷன் சீ வேவ்ஸ். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அலையால் செத்தவர்களுக்கு அலை என்றே ஏன் பெயர் வைக்க வேண்டும் என்று பதினோரு வயதில் எனக்குக் கோபம்.

ஐந்தாம் நாள் இரவு அப்பா வந்தார். தாடி வளர்ந்து, கண் இரண்டும் ரத்தமாக. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார். “அங்க ஒரு ஜெட்டிகூட இல்லையாம். பெரிய கப்பலெல்லாம் தூரத்துல நின்னு படகுலதான் இறக்கணும். இதுக மட்டுந்தான் கரையிலேயே போய் ஏறும்.” ஒரு கவளம் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். “ஆனா மணலே இடம் மாறிக் கெடக்காம். நேத்து வரைக்கும் கரையா இருந்த எடத்துல இன்னைக்குத் தென்னமரம் தண்ணிக்குள்ள நிக்கிதாம். எங்க தட்டும்னு யாருக்குத் தெரியும்?”

அன்றிரவு உருளைக்கிழங்கு இல்லை. ஈரத்துணியைத்தான் கண்ணில் போட்டேன். தொட்டியில் சோப்பு டப்பாவைத் தள்ளிய நாளிலிருந்து அந்தக் கப்பல்கள் எதற்காக என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஜெட்டி வேணாம், கிரேன் வேணாம். அந்த இரண்டு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் பெரியமாமா வந்தார். முகாமிலிருந்து யாரோ சொல்லி அனுப்ப, அம்மா செருப்புப் போடாமல் ஓடினாள். மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் உயிரோடு. அவர்கள் குடியிருந்த இடம் ரப்பர் மேட்டில் இருந்ததால் தண்ணீர் எட்டவில்லை. தீவின் மேற்குக் கரையில் இருந்த நிக்கோபாரிகளின் கிராமங்கள்தான் அடியோடு போயிருந்தன. மாமாவோடு பன்றி வேட்டைக்கும் தேங்காய்க்கும் கூட இருந்த கூட்டாளிகளெல்லாம் அந்தக் கிராமத்து ஆட்கள்தாம். அதைப் பற்றி மாமா அன்றும் பேசவில்லை, இறக்கிறவரை பேசவில்லை.

கப்பலைப் பற்றி மட்டும் பேசினார். எங்கள் வீட்டுத் திண்ணையில், கையில் டீ டம்ளரோடு.

“வாய் தொறக்குற கப்பல் மாப்ள. கடல்ல இருந்து நேரா வந்து மணல்ல மோதுது. நான் மோதி ஒடையப் போகுதுன்னு புள்ளைங்களப் புடிச்சிக்கிட்டேன். பொசுக்குன்னு நின்னுச்சி. வாயத் தொறந்துச்சி. உள்ளாற இருந்து முதல்ல வந்தது தண்ணி ட்ரம்மு. தண்ணி மாப்ள. பதினோரு நாளா எளநி குடிச்சோம்.”

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “நம்பர் என்ன மச்சான்? பதினெட்டா, இருவத்தொண்ணா, இருவத்திரெண்டா?”

“நம்பர யாரு பாத்தா?”

மாமா கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு பொருள். சாக்குத் துணியில் சுற்றிய பால் வெட்டுக் கத்தி. வளைந்த நுனி, வேர்வையில் கறுத்த மரப்பிடி. கப்பலில் ஏறும்போது கத்தியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று மாலுமி ஒருவர் வாங்கிக்கொண்டாராம். போனது போனதுதான் என்று மாமா நினைத்திருக்கிறார். போர்ட் பிளேரில் இறங்கும்போது அதே மாலுமி படிக்கட்டருகே நின்று, மாமாவைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிடியில் வெள்ளை ஒட்டுத்துணி ஒன்று சுற்றியிருந்தது. அப்பா அதை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். கப்பல் எண்ணாக இருக்கும் என்று நினைத்திருப்பார். பேனாவால் 43 என்று எழுதியிருந்தது. வரிசையில் மாமாவின் எண். அப்பா கட்டைவிரலால் அந்த ஒட்டுத்துணியை அழுத்தி விட்டார், ஓரம் பிரிந்திருந்தது.

மாமா பிறகு கச்சாலுக்கே திரும்பினார். அந்தக் கத்தியோடு.

நான் படிப்புக்கு மெயின்லேண்ட் வந்தேன், வேலை கிடைத்துச் சென்னையிலேயே தங்கிவிட்டேன். கடற்படையில் இவற்றைவிடப் பெரிய தரையிறங்கு கப்பல்கள் பல வந்துவிட்டன. அமெரிக்காவிடமிருந்து வாங்கி 2007-இல் சேர்த்த ஜலாஷ்வா அவற்றில் மிகப் பெரியது. 2020 ஜூன் தொடக்கத்தில், பொதுமுடக்கத்தால் இலங்கையில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய 700 இந்தியர்களைக் கொழும்பிலிருந்து ஏற்றிக்கொண்டு அது தூத்துக்குடிக்கு வந்தது. தொலைக்காட்சியில் அதைக் காட்டியபோது அம்மா போர்ட் பிளேரிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வரிசையாக இறங்குகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்களுக்கும் இப்படித்தான் மருந்தடிச்சாங்க” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் ஃபோனைப் பிடித்திருந்தாள். ராமேஸ்வரத்தில் அவள் எட்டு வயதில் இறங்கியதைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததைவிட அந்த ஒரு வரியில் அதிகம் தெரிந்தது.

2024 ஜனவரி 12 அன்று மாலை அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

“இன்னைக்குக் கொடி எறக்குறாங்க தாயி. மூணுக்கும் ஒரே நாளு.”

போர்ட் பிளேரில், சூரியன் மறைகிற நேரத்தில், சீட்டா, குல்தார், கும்பீர் மூன்றிலும் தேசியக் கொடியையும் கடற்படைக் கொடியையும் கடைசி முறையாக இறக்கினார்கள். மூன்றும் சேர்ந்து கடலில் 12,300 நாட்களுக்கு மேல் இருந்திருக்கின்றன. சுமார் 17 லட்சம் கடல் மைல் ஓடியிருக்கின்றன. 1,300 முறைக்கு மேல் கரையில் ஏறியிருக்கின்றன. கடற்படை வெளியிட்ட செய்தியை நான் ஃபோனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். நாட்களும் மைல்களும் அவர் காதில் ஏறவில்லை. 1,300 என்றதும் நிறுத்தச் சொன்னார்.

“இன்னொரு தரம் படி.”

படித்தேன்.

“ஆயிரத்து முன்னூறு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த எண்ணில் எத்தனை தகடு, எத்தனை ராடு, எத்தனை இரவு உருளைக்கிழங்கு என்று அவர் கூட்டிப்பார்த்திருக்க வேண்டும். பின்னணியில், யாரோடு பேசுகிறார் என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது.

போன வருடம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அப்பா இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார். கண்ணில் புரை அறுவை செய்திருந்தார்கள். வெயில் ஆகாது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குக் குல்தாரின் செய்தியைச் சொன்னேன். 2025 பிப்ரவரியில் அதை கார்வாரில் வைத்து மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். சிந்துதுர்க் மாவட்டத்தில், நிவதி பாறைகளுக்குப் பக்கத்தில், கடலடி அருங்காட்சியகமாக மூழ்க வைக்கத் திட்டம். மேலே பவளம் வளரும், மீன் குடியேறும், ஜனங்கள் நீருக்குள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள்.

உடைத்துப் பழைய இரும்பாக விற்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் சொன்னேன். இடதுகைப் பக்கம், மூன்றாவது விலாவுக்குக் கீழே, ஒரு கை அகலத் தகடு. அங்கே ஏதாவது ஒரு சிறு மீன் போய் ஒண்டிக்கொள்ளும்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துறைமுகப் பக்கம் பார்த்தார். அந்த மூன்றும் கட்டி நின்ற இடத்தில் வேறு ஏதோ கப்பல் நின்றது.

“அங்க அடியில மணலா, பாறையா?” என்றார்.